கண் மூடாதவருக்காக ஒரு கனவு

கனவு அரசனுக்கு வந்தது. கோயில் கட்டியவருக்கு வரவில்லை.

பூசலார் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கேட்டோம், கோயில் மண்டபத்துச் சொற்பொழிவில் கேட்டு உருகினோம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்காமலே கடந்து வந்துவிட்டோம். திருநின்றவூரில் ஓர் ஏழை அந்தணர். சிவனுக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்று தீராத ஆசை. பொருள் தேடி எங்கெங்கோ அலைந்து பார்த்தார். கையில் எதுவும் சேரவில்லை. அந்த இடத்தில் நீயும் நானும் என்ன செய்திருப்போம்? 'நமக்குக் கொடுப்பினை இல்லை' என்று சொல்லித் திண்ணையில் சாய்ந்திருப்போம். அவர் மனத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கினார்.

அந்த வேலையைச் சேக்கிழார் சொல்லும் விதத்தைப் பார். கண்ணை மூடினார், கோயில் தோன்றிற்று என்று சுலபமாக முடித்துவிடவில்லை. பூசலார் முதலில் சாமான்களைத் தேடிச் சேர்க்கிறார். பிறகு தச்சர்களைத் தேடுகிறார். நல்ல நாள் பார்க்கிறார். ஆகம முறைப்படி அடிநிலை போடுகிறார். அதன்மேல் படை படையாக எழுப்புகிறார். சிகரம் ஏற்றுகிறார், சுதை பூசுகிறார், கிணறு வெட்டுகிறார், மதில் எடுக்கிறார், குளம் அமைக்கிறார். எல்லாமே மனத்துக்குள். மனத்துக்குள் நிற்கும் கோயிலில் யார் வந்து தண்ணீர் இறைக்கப் போகிறார்கள்? ஆனாலும் கிணற்றை அவர் விடவில்லை. ராத்திரியிலும் கண் மூடாமல் எடுத்தார் என்கிறது பெரியபுராணம்.

அதே காலத்தில் காஞ்சிபுரத்தில் காடவர் கோமான் கல்லால் பெரிய கோயில் ஒன்றை எழுப்பி முடித்திருந்தான். அந்த அரசன் ராஜசிம்ம பல்லவன் என்றும், அந்தக் கோயில் இன்றைக்கும் நாம் பார்க்கிற கைலாசநாதர் கோயில் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். குடமுழுக்குக்கு முதல் நாள் ராத்திரி அரசன் தூங்குகிறான். சிவன் கனவில் வந்து, நாளைக்கு என்னால் வர இயலாது, நின்றவூரில் பூசல் என்ற அன்பன் கட்டிய கோயிலுக்குள் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். அரசன் பதறி எழுந்து நின்றவூருக்கு ஓடி வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்கிறான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தில் கொஞ்சம் நில். ராத்திரியிலும் கண் மூடாத மனிதருக்குக் கனவு எப்படி வரும்? அவர் விழித்திருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அதனால் கனவு, தூங்கிக்கொண்டிருந்த இன்னொருவனைத் தேடிப் போயிற்று.

'கடவுளே, என் வாழ்க்கை எதற்கு? எனக்கு ஒரு வழி காட்டு, ஒரு கனவாவது கொடு' என்று ராத்திரிதோறும் கேட்டுக்கொண்டு படுக்கிறாய் நீ. விடிகிறது. எதுவும் வரவில்லை. கடவுள் உன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைக்கிறாய். உன் வலியை நான் சின்னதாக எண்ணவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பற்றிய கனவு ஏற்கெனவே வேறு யாருக்கோ வந்துவிட்டது என்று வைத்துக்கொள். அந்த மனிதர் விடியற்காலையில் எழுந்து, உன் ஊரை விசாரித்து, உன் தெருவில் வந்து நின்று, 'அந்தப் பிள்ளை கட்டிய கோயில் எங்கே?' என்று கேட்டால், காட்டுவதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது? மனத்துக்குள்ளாவது ஓர் அடிநிலை போட்டிருக்கிறாயா?

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சின்ன வீடு. திண்ணையில் ஒரு பையன் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறான். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. எழுதுகிறான், நிறைந்ததும் அழிக்கிறான். துணியைத் தேடி எடுக்கும் நேரம்கூட இல்லாமல் முழங்கையால் அழிக்கிறான். முடிவு மட்டும் நோட்டுக்குப் போகும். அந்தப் பையன் சீனிவாச ராமானுஜன். கல்லூரித் தேர்வில் கணிதம் தவிர மற்றவற்றில் தோற்றான். கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. வேலை இல்லை, கையில் பட்டம் இல்லை, கல்யாணம் ஆகிவிட்டது, அக்குளில் இடுக்கிய நோட்டுகள்தான் மொத்தச் சொத்து. 1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் அந்த நோட்டுகளோடு போய் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏறத்தாழ 120 தேற்றங்களை ஹார்டிக்கு அனுப்பி வைத்தார்.

இங்கிலாந்துக்கு வா என்றார்கள். கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்ற காலம் அது. தாயார் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை. தாய் மறுத்தபின் பிள்ளை எப்படிக் கப்பல் ஏறுவார்? பிறகு ஒரு நாள் அந்தத் தாய் ஒரு கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். பெரிய கூடத்தில் வெள்ளைக்காரர்கள் நடுவே தன் மகன் உட்கார்ந்திருக்கிறான். நாமக்கல் தெய்வம் நாமகிரித் தாயார் தோன்றி, உன் மகன் பிறந்த காரியத்துக்குக் குறுக்கே நிற்காதே என்று கட்டளையிடுகிறாள். அம்மாவின் தடை நீங்கியது. 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பல் ராமானுஜனை ஏற்றிக்கொண்டு சென்னையை விட்டுக் கிளம்பியது. நான்கே ஆண்டில், 1918-இல், லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

நாமகிரியின் கட்டளை யாருக்கு வந்தது என்று பார். அம்மாவுக்கு. மகன் பத்து வருஷமாகத் தன் கோயிலின் படைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தான். வழியை அடைத்துக்கொண்டு அன்போடு நின்றவள் அம்மா. கனவு அங்கேதான் போக வேண்டியிருந்தது, போயிற்று. காஞ்சி அரசனும் அப்படித்தானே? குடமுழுக்கு நாளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். எந்தக் கதவு அடைத்திருக்கிறதோ அந்தக் கதவைத் தட்டத்தான் தெய்வம் கனவை அனுப்புகிறது என்று நான் நம்புகிறேன். உன் கையில் வேலை இருக்கும்போது உன்னை எழுப்ப வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

ராமானுஜனுக்கே கனவுகள் வந்ததில்லையா என்று கேட்பாய். வந்தன. நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களைத் தருகிறாள் என்று அவரே நண்பர்களிடம் சொல்வார். ஆனால் அவரைக் கூட இருந்து பார்த்தவர்கள் எழுதி வைத்திருப்பதைச் சேர்த்துப் படி. படுக்கையிலிருந்து எழுந்ததும் அவர் முடிவுகளைக் குறித்துக்கொள்வார், குறித்ததைச் சரிபார்ப்பார். சாமி கொடுத்ததாயிற்றே, சரிபார்ப்பது அபசாரம் என்று அவர் நினைக்கவில்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் சில தவறாகவும் இருந்தன. தவறு என்று ஹார்டி காட்டியபோது நாமகிரி பொய்த்துவிட்டாள் என்று அவர் சிலேட்டைத் தூக்கி எறியவில்லை, உட்கார்ந்து படித்தார். தெய்வத்தை முழுசாக நம்பியவரும் தன் கனவைக் காலையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாம் எங்கே?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோயில் இருக்கிறது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து, இந்தப் பொருளைப் பெட்டியில் வை என்பார். மண்ணாக இருக்கும், தண்ணீராக இருக்கும், மஞ்சளாக இருக்கும். கனவு கண்டவர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். சாதி, பணம், படிப்பு எதுவும் குறுக்கே வராது. அந்த மனிதர் கோயிலுக்கு வந்து சொன்னதும் கொண்டுபோய் வைத்துவிடுவார்களா? இல்லை. சாமியிடம் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். கனவில் சாமியே நேரில் வந்ததாகச் சொன்னாலும் மறுபடி கேட்டுப் பார்க்கிற அந்த நிதானம், நம் பாட்டன் பூட்டன் நமக்கு விட்டுப்போன சொத்து.

நீயும் பூப்போட்டுப் பார். கனவில் வந்தது உத்தரவா, பகலில் மனத்தில் கிடந்த குப்பையா என்று கேட்டுப் பார். தேர்வு அறைக்குப் போகிறோம், பேனா இல்லை. பஸ் கிளம்புகிறது, ஓட முடியவில்லை. இவையெல்லாம் கவலையின் நிழல். எவனோ ஒருவனைத் தீர்த்துக்கட்டு என்று ஒரு கனவு சொன்னால், பெண்டாட்டி தாலியை விற்றுப் போடு என்று சொன்னால், அது எந்தச் சாமி உருவில் வந்தாலும் நம்பாதே. தன் பிள்ளைக்கு வழி காட்ட இன்னொரு பிள்ளையின் வயிற்றில் அடிக்கச் சொல்லும் தெய்வம் எதுவும் இல்லை. நாள் கணக்கில் தூக்கமே இல்லாமல், விழித்திருக்கும்போதே குரல்கள் உன்னை ஏவினால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் போ. காய்ச்சலுக்குப் போகிற மாதிரி போ. பணம் வாங்கிக்கொண்டு உன் கனவுக்குப் பலன் சொல்கிறேன் என்பவன் வாசலை மிதிக்காதே. உன் கனவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நீ பயந்திருக்கிறாய் என்பது.

கனவை மூளை தருகிறதா, கடவுள் தருகிறாரா என்று சிலர் என்னிடம் வாதுக்கு வருவார்கள். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடும் நேரம் ஒன்று இருப்பதையும், அப்போது எழுப்பினால் கனவைச் சொல்கிறார்கள் என்பதையும் கண்டு எழுதினார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது வருகிறது, விடிய விடிய நீளம் கூடுகிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று ஆத்தா சொன்னது ஏன் என்று கொஞ்சம் புரிகிறதல்லவா? விடியற்காலையில்தான் கனவு நீளம், விழித்தால் நினைவிலும் நிற்கும். எனக்கு இதில் சண்டையே இல்லை. பாதை போட்டது மூளையாக இருக்கட்டும். அந்தப் பாதையில் யாரும் நடந்து வரவே முடியாது என்று சொல்ல எந்த விஞ்ஞானியாலும் ஆகாது.

முஸ்லிம் நண்பர்களிடம் இஸ்திகாரா பற்றிக் கேள். கல்யாணமா, வேலையா, வெளிநாட்டுப் பயணமா, முடிவெடுக்க முடியாமல் தவிக்கும்போது இரண்டு ரக்அத் தொழுது, இது எனக்கு நல்லதானால் இலேசாக்கிக் கொடு, கெட்டதானால் என்னை அதிலிருந்து விலக்கிவிடு என்று அல்லாஹ்விடம் கேட்பார்கள். தொழுதால் கனவு வரும் என்று பலர் காத்திருப்பார்கள். கனவு வர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை என்று ஆலிம்கள் எடுத்துச் சொல்வார்கள். கேட்டுவிட்டாய், இனி காரியத்தில் இறங்கு, வழி திறப்பதையும் அடைபடுவதையும் பார்த்துக்கொண்டே போ. எவ்வளவு தைரியமான பக்தி!

இப்போது பைபிள் சொல்லும் யோசேப்பிடம் வருகிறேன். கனவைப் பற்றிப் பேசுகிறவன் அவரிடம் வராமல் இருக்க முடியாது.

பதினேழு வயது. அப்பாவின் செல்லப் பிள்ளை, பலவருண அங்கி போட்டவன். வயலில் தன் அரிக்கட்டு நிமிர்ந்து நிற்க, அண்ணன்மாரின் அரிக்கட்டுகள் சுற்றி வந்து வணங்குவதாகக் கனவு காண்கிறான். அடுத்த கனவில் சூரியனும் சந்திரனும் பதினொரு நட்சத்திரங்களும் வணங்குகின்றன. கண்டதை அப்படியே அண்ணன்மாரிடம் போய்ச் சொன்னான். கனவு உண்மை. சொன்ன இடம் தப்பு. குழியில் தள்ளினார்கள், 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். உனக்கு ஒரு பெரிய கனவு வந்திருக்கிறதா? தயவு செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதே. பொத்தி வைத்துக்கொள். வேலை பேசட்டும்.

எகிப்தில் அடிமை. பிறகு செய்யாத குற்றத்துக்குச் சிறை. 'அரிக்கட்டுகள் வணங்கும் என்று காட்டினாயே, இப்போது காலில் விலங்கு போட்டிருக்கிறாயே' என்று கேட்க அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவன் என்ன செய்தான்? அவனை வாங்கிய போத்திபார் வீட்டில் இருந்தபோது வீட்டு நிர்வாகம் முழுக்கப் பார்த்தான். சிறைக்கு வந்தால் சிறைத் தலைவன் எல்லா வேலையையும் அவனிடம் விட்டுவிட்டான். விலங்கு மாட்டிய இடத்திலும் ஒரு கோயில் எழும்பிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை. சிறையில் கூட இருந்த இரண்டு அரண்மனைக்காரர்களின் முகம் வாடியிருக்கிறது. ஒருவன் எகிப்து அரசன் பார்வோனுக்குப் பானபாத்திரம் ஏந்துகிறவன், மற்றவன் அப்பம் சுடுகிறவர்களின் தலைவன். யோசேப்பு அவர்களைப் பார்த்து, இன்றைக்கு உங்கள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டான். அவ்வளவுதான். ஆதியாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வீட்டை இழந்தவன், அப்பாவை இழந்தவன், பெயரை இழந்தவன். அவன் முகம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவன் அடுத்தவர் முகத்தைப் பார்த்தான். நாங்கள் கனவு கண்டோம், அர்த்தம் சொல்ல ஆள் இல்லை என்றார்கள். அவன் சொன்னான். அந்த ஒரு கேள்வியில்தான் அவன் வாழ்க்கையின் கதவு திறந்தது. உடனே திறக்கவில்லை. விடுதலையான பானபாத்திரக்காரன் அவனை மறந்தே போனான். இன்னும் இரண்டு முழு வருஷம்.

பிறகு கனவு பார்வோனுக்கு வந்தது. கவனி, யோசேப்புக்கு வரவில்லை. கொழுத்த பசு ஏழு, மெலிந்த பசு ஏழு. எகிப்தின் ஞானிகள் எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். அப்போதுதான் பானபாத்திரக்காரனுக்கு யோசேப்பின் நினைவு வந்தது. சிறையிலிருந்து அவசரமாகக் கொண்டுவந்து, சவரம் செய்து, உடை மாற்றி, யோசேப்பை நிறுத்தினார்கள். அவன் அர்த்தம் சொன்னதோடு நிற்கவில்லை. ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடு, பட்டணங்களில் சேர்த்து வை, கண்காணிகளை நியமி என்று வேலைத் திட்டத்தையே கையில் கொடுத்தான். போத்திபார் வீட்டுக் கணக்கும் சிறைச்சாலைக் கணக்கும் பார்த்துப் பார்த்துப் பழகிய கை அது. பதின்மூன்று வருஷம் முன்னால், பதினேழு வயதில், அவனைப் பார்வோன் முன் நிறுத்தியிருந்தால் கனவுக்கு அர்த்தம் சொல்லியிருக்கலாம், ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லியிருக்க மாட்டான். முப்பது வயதில் எகிப்து முழுவதும் அவன் கையில் வந்தது. பஞ்சம் வந்தபின் அண்ணன்மார் தானியம் கேட்டு வந்து தரையில் விழுந்து வணங்கினார்கள்.

புதிய ஏற்பாட்டில் இன்னொரு யோசேப்பு. நாசரேத்துத் தச்சர், மரியாளின் கணவர். மத்தேயு எழுதியதில் அவருக்கு நான்கு கனவுகள். ஒவ்வொன்றிலும் கையில் எடுத்துச் செய்யும்படி ஒரு காரியம்: மனைவியைச் சேர்த்துக்கொள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போ, திரும்பி வா, யூதேயா வேண்டாம். எகிப்துக்குப் போ என்ற கனவு வந்ததும் அவர் விடியட்டும் என்று இருக்கவில்லை, ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. எழுந்தார், போனார்.

என் கதையும் கொஞ்சம் இருக்கிறது. சொல்லாமல் உன்னிடம் இவ்வளவு உரக்கப் பேச எனக்கு உரிமை இல்லை.

பட்டப்படிப்பில் தோற்று ஊருக்கு வந்த வருஷம். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். சாமி கனவில் வரும், என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் என்று அப்படி ஒரு நம்பிக்கை. ஒரு மண்டலம் இருந்தேன். கல்லின் குளிர் முதுகில் ஏறும், வௌவால் அங்கும் இங்கும் பறக்கும், நாலு மணிக்குக் குருக்கள் வந்து வாளியை வைக்கும் சத்தத்தில் விழிப்பேன். எதுவும் வரவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். பீடி சுற்றிப் பிழைக்கிறவர், விரல் நுனியெல்லாம் இலைத்தூள் ஏறிக் கறுத்திருக்கும். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, எம் பொண்ணு எட்டாவதுல கணக்குல ஃபெயிலாயிருவாளோன்னு பயமா இருக்கு. நீதான் படிச்ச பிள்ளை, கொஞ்சம் சொல்லித் தர்றியா?" என்று கேட்டார்.

படிச்ச பிள்ளை. தோற்றுப்போனவன் என்று ஊரே சொன்ன வருஷத்தில் அந்த ஒருத்தர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பின்னம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஐந்து பிள்ளைகள், ஒரு மாதத்தில் பதினான்கு. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் படித்துப் படித்துத்தான் நான் தோற்ற பாடங்களையே முடித்தேன். அந்த அக்காவுக்கு என்னைப் பற்றிக் கனவு வந்ததா என்று நான் கேட்டதில்லை. நாற்பத்தெட்டு நாள் நான் கேட்ட கேள்விக்குப் பதில், தண்ணீர் வாளியோடு எதிர்வாசலில் நின்றது. அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

வழி காட்டும் ராத்திரி எப்போதும் தூங்கும் ராத்திரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதே. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று இருந்த இளம்பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஆண் மருத்துவரான அவர் அப்பா வந்து பார்க்க மூவருமே சம்மதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். அந்த ராத்திரி அவர் தூங்கவில்லை. விடிந்ததும் பறை சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அமெரிக்கா போய்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் வாங்கினார், வேலூருக்கு வந்தார், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி அங்கிருந்து வளர்ந்தது. அவருக்குக் கனவு எதுவும் வரவில்லை. கதவைத் தட்டிய மூன்று சத்தம்தான் வந்தது.

உன் கதவை யார் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்? எந்த வாடிய முகத்தைத் தினமும் பார்த்தும் பாராமல் கடந்துபோகிறாய்? அங்கே போ. 'என் வாழ்க்கை எதற்கு' என்று கூரையைப் பார்த்துக் கேட்டது போதும். 'இவருக்கு என்னால் என்ன ஆகும்' என்று ஒரு முகத்தைப் பார்த்துக் கேள்.

கனவு கேட்காதே என்று நான் சொல்லவில்லை. கேள். கூச்சப்படாமல் கேள். தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள். விழித்ததும் அசையாமல் ஒரு நிமிஷம் கிட, நினைவில் நிற்பதை எழுது. செல்போனைத் தொடுவதற்கு முன்னால் எழுது, தொட்டால் போச்சு. ராமானுஜன் செய்த மாதிரி பகலில் அதைச் சரிபார். உனக்கு மூத்தவர், உன் மேல் ஆசை உள்ளவர், உன்னிடம் பணம் வாங்காதவர் ஒருவரிடம் சொல்லிப் பார். அந்தக் கனவு உன்னை எழுப்பி ஒரு காரியத்தில் இறக்கினால் வைத்துக்கொள். பயமுறுத்திப் படுக்கையிலேயே போட்டால் விட்டுவிடு.

வரவில்லையா? கவலையே படாதே. எங்கோ ஒரு மேலதிகாரியின், ஒரு வாத்தியாரின், ஒரு தாயின், முகம் தெரியாத ஒருவரின் தூக்கத்தில் உன் பெயர் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கலாம். அது உன் வேலை இல்லை, அதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். உன் வேலை அடுத்த படையை ஏற்றுவது. பணம் இல்லையென்றால் மனத்துக்குள் ஏற்று. அரைகுறையாக ஏற்றாதே. யாரும் தண்ணீர் இறைக்க வராவிட்டாலும் கிணற்றை வெட்டி வை. சிலேட்டு இருந்தால் சிலேட்டு, முழங்கை கறுத்தால் கறுக்கட்டும்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயில் திருநின்றவூரில் நிற்கும். பூசலார் மனத்துக்குள் எழுப்பியதன் நினைவாக இருதயாலீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. நெஞ்சு நோய் உள்ளவர்கள் வந்து வேண்டிக்கொள்வார்கள். ஒரு நாள் நீயும் போய் வா. அதற்கு முன்னால், நாளைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து, தள்ளிப்போட்டு வைத்திருக்கும் அந்த வேலையின் முன்னால் போய் உட்கார்.